பீப் சத்தமும் மைமூனின் கையும்

1. சேர்ந்த அன்று

மைமூன் வகுப்பில் சேர்ந்த அன்று, நான் போர்டில் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது மூலையில் இருந்த யுபிஎஸ் 'பீப்' என்றது. மற்ற மாணவர்கள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. படபடவென்று கட்டளையைத் தட்டி அவரவர் மெஷினை அணைத்துவிட்டார்கள். மைமூன் மட்டும் கையை மடியில் வைத்தபடி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் இருந்த திரை பட்டென்று இருண்டது. கரண்ட் திரும்பி வந்த பிறகும் அந்த மெஷின் எழுந்திருக்கவில்லை.

"வந்த அன்னைக்கே ஒண்ணக் கொன்னுட்டேனோ டீச்சர்?" என்றாள்.

சங்கரன்கோவிலில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவே ஒரு மாடியில் இருக்கிறது. தறிச் சத்தம் தரை வழியாக ஏறி நாற்காலிக் கால்களில் நடுங்கும். நாள் முழுக்க அதன் மேல் உட்கார்ந்துதான் பாடம். கரண்ட் போவதற்கு முன்னால் அந்தச் சத்தம் கொஞ்சம் தளரும், மழை ஓய்வதைப் போல. உடனே யுபிஎஸ் கத்தும். பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால், அது கத்தினால் ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம்தான் கிடைக்கும். அதற்குள் முறையாக அணைக்காவிட்டால் எங்கள் பழைய ஹார்டு டிஸ்க்குகள் தாங்காது. அதனால் இங்கே வருகிறவர்கள் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மென்பொருளைக் கற்பதற்கு முன் 'பவர்ஆஃப்' என்று தட்டக் கற்றுக்கொள்வார்கள்.

சென்டர் முதலாளி சுடலைமுத்து அண்ணாச்சியிடம் பேட்டரியைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"மாத்துதேன்னு சொல்லிட்டேம்லா டீச்சர். இப்ப என்ன அவசரம்? பயம் இருந்தாத்தான் கை ஓடும். நீங்க பஞ்சு மெத்தையில வச்சுச் சொல்லிக்குடுத்தா அதுக தூங்கிரும்லா."

2. பேசாத திரை

நான் சொல்லிக்கொடுப்பது லினக்ஸ் நிர்வாகத்தில் முதல் நிலைச் சான்றிதழுக்கான பாடம். இந்தப் பரீட்சையில் சரியான விடையை டிக் அடிக்கும் வேலை கிடையாது. ஒரு மெஷினைக் கொடுத்து, இந்த யூசரை உருவாக்கு, இந்த டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்து மாட்டு, இந்த சர்வீஸை ஓடவை என்பார்கள். நேரம் முடிந்ததும் அந்த மெஷினை ஒருமுறை அணைத்து எழுப்புவார்கள். எழுந்த பிறகு, செய்ததில் எது அழியாமல் இருக்கிறதோ அதற்குத்தான் மார்க். மெஷினே எழாவிட்டால் பூஜ்யம். இதை முதல் வாரமே சொல்லிவிடுவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் படித்த காலத்தில் நானும் ஆட்டியிருக்கிறேன்.

மைமூன் கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கணவர் சவூதியில் லோடு ஏற்றும் வேலையில் முதுகை உடைத்துக்கொண்டு வீடு திரும்பிவிட்டார். இவள் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். பாடம் முக்கால்வாசி முடிந்திருந்தபோது தென்காசியில், ஆஸ்பத்திரிகளின் சர்வர்களைப் பராமரிக்கும் ஒரு சின்ன ஆபீஸ் அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. அங்கே மேனேஜர் சொன்னது: "உங்களுக்கு விஷயம் புரியுதும்மா. ஆனா சர்டிபிகேட் இல்லாம மேலிடத்துல கேப்பாங்க. மாசக் கடைசிக்குள்ள கொண்டாங்க. இல்லன்னா அடுத்த ஆளத்தான் பாக்கணும்." அதற்குள் ஒரே ஒரு முறை பரீட்சை எழுதத்தான் இடம் கிடைத்தது. தவறினால் வேலை வேறொருவருக்கு.

அவள் திரையோடு சண்டை போட்டுக்கொண்டே படித்தாள். லினக்ஸில் ஒரு கட்டளை சரியாக நடந்தால் பதிலே வராது. அடுத்த வரியில் கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டு நிற்கும்.

"சரியாச் செஞ்சா ஒரு வார்த்தை சொல்லாது. தப்பாச் செஞ்சா மட்டும் வாயத் திறக்கும். எங்க மாமிய இதுக்குள்ள பிடிச்சுப் போட்டுட்டாங்களா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. ஆனால் அந்த மௌனத்தை அவள் சீக்கிரம் பழகிக்கொண்டாள். அதைவிடச் சீக்கிரம் பழகியது கை. யுபிஎஸ் வாயை மூடுவதற்குள் அவள் மெஷின் அணைந்திருக்கும். "யக்கா, தறிக்காரனுக்கே நீங்கதான் கரண்டு போறதச் சொல்லணும் போல" என்பான் பக்கத்து சீட்டுக்காரன்.

3. மதுரை

பரீட்சை மையம் மதுரையில். கணவரால் அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியாது என்பதால் நான் கூடப் போனேன். அவள் உள்ளே போனதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதிர்ச்சாரி டீக்கடைக்கும் மையத்தின் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

வெளியே வந்தவளின் முகத்தில் ரத்தமே இல்லை. டீயை வாங்கிக் கையில் கொடுத்தேன்.

"போச்சு யக்கா" என்றாள். அதுவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"கேள்வியச் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாதுன்னு ஒத்துக்கிட்டுத்தான் உள்ள போனேன். இந்தக் கை செஞ்சத மட்டும் சொல்லுதேன். முக்கால்வாசி முடிச்சிருந்தேன். அங்கன மூலையில ஒரு யுபிஎஸ். பீப்புன்னுச்சு. ஒரே ஒரு பீப்பு. லைட்டுகூட அணையல, ஒருத்தரும் தலையத் தூக்கல. என் கை போயிருச்சு யக்கா. பவர்ஆஃப் அடிச்சுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"பெறவு?"

"மேற்பார்வை சாரக் கூப்பிட்டேன். ஏம்மா அணைச்சீங்கன்னு கேட்டாரு. கரண்டு போகப்போகுது சார்னேன். மேல ஏ.சி.யக் காட்டி, கீழ ஜெனரேட்டர் இருக்கும்மா, இங்க எங்க போகப்போகுது, நீங்களே எழுப்பிக்கங்க, நேரம் நிக்காதுன்னாரு. எழுப்புனேன். எந்திரிக்கல."

"எந்திரிக்கலையா?"

"பாதியில நின்னுக்கிட்டு ரூட் பாஸ்வேர்டக் கேக்கு."

அந்தத் திரை எனக்குத் தெரியும்; எழ முடியாத மெஷின், நிர்வாகியே வந்து சரிசெய்யட்டும் என்று ரூட் என்ற அவர் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். எந்த டிஸ்க்கை எங்கே மாட்ட வேண்டும் என்று எழுதிவைக்கும் ஒரு கோப்பு உண்டு, எஃப்எஸ்டேப் என்று பெயர். மெஷின் எழும்போது அதைப் படித்துத்தான் எழும். அதில் சொல்லியிருக்கும் டிஸ்க் கிடைக்காவிட்டால் தேடும், காத்திருக்கும், பிறகு அங்கேயே நின்றுவிடும்.

"ஒரு டிஸ்க்க முதல்ல தப்பாப் பிரிச்சு, அழிச்சுட்டு மறுபடி போட்டேன். பழைய டிஸ்க்கோட வரி அந்த எஃப்எஸ்டேப்புக்குள்ளயே கிடந்திருக்கு. பிஸ்மி சொல்லிக் கோப்பத் திறந்து அந்த வரியத் தூக்கினேன். திரும்ப அணைச்சு எழுப்புனேன். எந்திரிச்சிருச்சு. ஆனா நேரம் போச்சே! கடைசி ரெண்டு வேலையத் தொடவே இல்ல. அந்த எழவு பீப்பு மட்டும் வரலன்னா எல்லாத்தையும் முடிச்சிருப்பேன்."

"முடிச்சிருப்பே. முடிச்சுட்டுச் சந்தோஷமா வெளிய வந்திருப்பே. அவங்க அணைச்சு எழுப்பும்போது?"

டீக் கிளாஸ் உதட்டுக்குப் போகாமல் பாதியில் நின்றது. சாலையில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எந்திரிச்சிருக்காது" என்றாள் மெதுவாக.

"செஞ்ச அத்தனைக்கும்?"

"ஒரு மார்க்குகூடக் கிடையாது." டீக் கிளாஸைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப இந்தக் கை செஞ்சது சரியா, தப்பா யக்கா?"

"தெரியலட்டி. ரிசல்ட் மெயில்ல வரும், வரட்டும்."

4. மெயில் வந்த பிறகு

மெயிலைத் தனியாகத் திறக்கப் பயந்து சென்டருக்கே வந்துவிட்டாள். நான்தான் திறந்தேன். பாஸ். தேறும் எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது மார்க், ஆனாலும் பாஸ். அவள் துப்பட்டாவை முகத்தில் அழுத்திக்கொண்டாள். அப்புறம் வெளியே போய்க் கணவருக்குப் போன் போட்டாள். அவர் என்ன சொன்னாரோ, "அழாதீங்க, முதுகு பிடிச்சுக்கிடும்" என்று இவள் அதட்டுவது உள்ளே கேட்டது.

கதை முழுவதும் தெரிந்ததும் அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீகளா? நான் பேட்டரிய மாத்தியிருந்தா இந்தப் பிள்ள பாஸாயிருக்குமா? சொல்லுங்க."

நான் மாற்றியது பாடம் நடத்தும் முறையை. இப்போது ஒவ்வொரு பயிற்சியிலும், நேரம் மிச்சமிருக்கும்போதே, செய்துகொண்டிருப்பதை அப்படியே விட்டு எல்லோரும் மெஷினை அணைத்து எழுப்ப வேண்டும். அறை முழுவதும் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருளும். தறிச் சத்தம் மட்டும் கேட்கும். யாருடையது எழுகிறது, யாருடையது பாதியில் நிற்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல இருப்பது இதுதான்: கண்முன்னால் ஓடுகிறது என்பதற்காக எழுந்து போய்விடாதீர்கள். திருத்த நேரம் இருக்கும்போதே நீங்களே அணைத்துப் பாருங்கள்.

மைமூன் தென்காசியில் வேலைக்குச் சேர்ந்த அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிட்டாள்.

"மேனேஜர் சர்வர் ரூமச் சுத்திக் காட்டுனாரு யக்கா. ஒண்ணு மட்டும் தூசி படிஞ்சு தனியா நிக்கி. இது நம்ம ராசியான சர்வர்ம்மா, வருசக்கணக்கா ஓட்டம் நின்னதே கிடையாதுன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"இதக் கடைசியா எப்ப சார் அணைச்சு எழுப்புனீங்கன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"அந்த மெஷின் மேல இருந்த தூசிய விரலால தொட்டுப் பாத்தாரு. பெறவு எனக்கு ஒரு டீ சொன்னாரு. ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரியில கூட்டம் கம்மி, காலையில கொஞ்சம் வாங்கம்மா, இத ஒரு தடவ அணைச்சு எழுப்பிப் பாத்துருவோம்னாரு."