பூத்துப்போன வெங்காயம்

சித்தூரில் கூலியாட்கள் வெங்காயத்தை நறுக்குவதில்லை. ஒரு குத்து விட்டு உடைக்கிறார்கள். நடுவிலுள்ள குருத்தை எடுத்துக் களியோடு கடித்துத் தின்கிறார்கள். ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் குழந்தையின் தலையளவு வெங்காயம். திருநெல்வேலியில் நாங்கள் இதைப் பல்லாரி என்போம், கல்யாண வீட்டுக்கு வாங்குவோம். தினசரிக் குழம்புக்கு எங்களுக்குச் சின்ன உள்ளிதான். அந்த உள்ளி இங்கே இல்லை. இதுவும் அதே சென்னை ராஜதானி, அதே கவர்னர், அதே தபால் தலை என்று ஊரில் படித்தவர்கள் சொல்லி அனுப்பினார்கள். குழம்புச்சட்டிக்குள் எட்டிப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனக்கு எது கிடைத்தாலும் வயிறு நிறைந்துவிடும். என் மனைவி பாக்கியத்துக்கு அப்படியில்லை. அவள் அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், வாய்க்குப் போகாது. திருப்பதியில் எல்லாம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, லீவு போட்டு ரயிலேறிப் போனேன். கோயிலைச் சுற்றிய தெரு ஒன்றில் ஒரு வீட்டு வாசலில் நின்றவரிடம் உள்ளி எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டேன். வெங்காயம் படியேறாத வீடாம் அது. அவர் தெலுங்கில் திட்டினார், நான் தமிழில் திட்டினேன். இருவருக்கும் ஒன்றும் புரியாததால் கைகலப்பு இல்லாமல் முடிந்தது. வெறும் பையோடு திரும்பினேன்.

அன்று பாக்கியம் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பேறுகாலத்துக்கு மாசியில அய்யா வந்து கூட்டிட்டுப் போவாக. போனா திரும்பி வரமாட்டேன், பாத்துக்கிடுங்க. பிள்ளையப் பாக்கணும்னா நீங்க அங்க வாங்க" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

உள்ளி விளைவிக்க எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரில் ஓர் உள்ளியை ஊன்றினால் அது ஏழெட்டாகப் பிரியும். இரண்டு மாதத்தில் பிடுங்கிவிடலாம். பெரிய வெங்காயம் மட்டும் வேறு சாதியா என்ன? ஊன்றினால் அதுவும் சின்னச் சின்னதாகப் பிரியும் என்று கணக்குப் போட்டேன். கார்த்திகையில் கொல்லையைக் கொத்தினேன். பக்கத்து வீட்டு எஸ்தரம்மாவிடம், நடுவதற்கு நல்லதாக நாற்பது வெங்காயம் கேட்டேன். மிஷன் கோயில் கட்டிய நாளிலிருந்து அந்தச் சபையில் இருக்கும் குடும்பம் அவர்களுடையது. அந்தம்மா பரணில் ஏறி, ஒன்றுபோல் இருந்த நாற்பதைப் பொறுக்கித் தந்தார். ஒவ்வொன்றின் தலையையும் சீவி நடச் சொன்னார். ஏன் என்று கேட்கும் புத்தி எனக்கு இல்லை. வெங்காயத் தாள் பச்சென்று எழுந்தபோது, பொங்கலுக்கு உள்ளிக் குழம்பு என்று பாக்கியத்திடம் பெருமையடித்தேன்.

தையில் ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தேன். அடியில் கிழங்கே இல்லை. நட்ட வெங்காயமும் சுருங்கிச் சக்கையாகிக் கிடந்தது. மேலே மட்டும் இடுப்பளவு தண்டு, உச்சியில் மொட்டு. சொத்தையைத் தந்து ஏமாற்றிவிட்டாள் கிழவி என்று கத்திக்கொண்டே தண்டுகளை முறித்தேன். ஆறு முறிந்திருக்கும். எஸ்தரம்மா வேலியைத் தாண்டி ஓடிவந்தார்.

"ஐயோ, வுடு நைனா! இன்னாத்துக்கு ஒடச்சிக்கினு கீற? பூவு வர நேரத்துல!"

"கிழங்கு எங்கம்மா? பூவையா குழம்பு வைக்கிறது?"

"துன்றதுக்கா நட்ட நீ? வெதைக்குன்னு இல்ல நென்ச்சேன்! துன்றதுக்குன்னா வெதை தூவி, நாத்து வுட்டு, புடுங்கி நடணும். முழுக் கெயங்க நட்டா வெதைதான் வரும். எங்க வூட்டு வெதைக்கு வெச்சிருந்தத எடுத்து உனுக்குக் குடுத்தேன். தெக்கத்தி ஆளுக்கு வாய்தான் கீது, மூளை இல்ல."

முறித்த தண்டுகள் காலடியில் கிடந்தன.

ஒரு வாரத்தில் மிச்சமிருந்த மொட்டுகளின் தோல் வெடித்தது. நான் கோயில் குளம் என்று உருகுகிறவன் அல்ல. ஆனால் அன்று காலை வேலைக்குப் போக மறந்து நின்றேன். ஒவ்வொரு தண்டின் தலையிலும் பந்துபோல ஒரு வெள்ளை உருண்டை. கிட்டே போய்ப் பார்த்தால் அது ஒரு பூ இல்லை, நூற்றுக்கணக்கான பூக்கள். ஒவ்வொன்றும் அரிசி மணியளவு, ஆறு இதழோடு, ஒரு குறையில்லாமல். பிறந்ததிலிருந்து வெங்காயம் தின்றிருக்கிறேன், அதற்குள் இது இருப்பது எனக்குத் தெரியாது. கொல்லை முழுக்கத் தேனீ இரைந்தது. பாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, கல்லில் உட்கார்ந்தாள். "ஒரு கும்பா சோறு கொண்டாங்க, இங்கனயே சாப்பிடுதேன்" என்றாள். எஸ்தரம்மா கொடுத்த பெரிய வெங்காயத் துவையலோடுதான் சாப்பிட்டாள். மாசியில் மாமனாரோடு ரயிலேறினாள். வருவேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சித்திரையில் பெண் பிறந்தது. ஆவணியில் பார்க்கப் போனேன். பங்குனியில் உதிர்த்த விதையில் பாதியை எஸ்தரம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் கொஞ்சத்தைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். பாக்கியம் அதைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினாள். கறுகறுவென்று, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"எத்தன நாளைக்குத் தாங்கும்?"

"இந்த வருசம் போடணும். அடுத்த வருசம் முளைக்காதாம்."

அவள் விதையைத் தீப்பெட்டிக்குள் திரும்பப் போட்டாள். மறுநாள் அவள் துணியை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. மாமனார் ஒரு மூட்டை சின்ன உள்ளி கட்டிக் கொடுத்தார்.

காட்பாடியில் வண்டி மாறும்போது போர்ட்டர் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "எந்த ஊரு நைனா நீங்க?" என்றான். நான் திருநெல்வேலி என்றேன். அதே நேரத்தில் பிள்ளையைத் தோளில் போட்டிருந்த பாக்கியம் சித்தூரு என்றாள்.

"ஒரே வூட்டுக்காரங்கதானே? ரெண்டு பேரும் பேசிக்கினு ஒரு ஊரைச் சொல்லுங்க" என்று அவன் சிரித்தான்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவரும் மாற்றிச் சொல்லவில்லை.