பேராதனையில் நிற்கிறேன் என்று சொன்ன காலை

தெல்தெனியவில் ஒரு கல்யாண வீடு. மணப்பெண்ணின் அறையில் சேலையை விரித்து வைத்துக்கொண்டு, "எங்கக்கா இருக்கீங்க?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"நான் இன்னும் வீட்டைவிட்டு வெளிக்கிடேல்லை. சீப்பும் கையுமாத் தலை இழுத்துக்கொண்டு நிக்கிறன். வர ஒரு மணித்தியாலம் செல்லும்" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அறிந்தவரை கண்டியில் "இந்தா வந்துட்டேன்" என்று சொல்பவர் அப்போதுதான் குளிக்கத் துவாயைத் தேடிக்கொண்டிருப்பார். இப்படி ஒரு பதிலை அதற்குமுன் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் பதறாமல் ப்ளேன்டி குடித்தேன். முந்தானை மடிப்புகளை முன்கூட்டியே பிடித்து ஊசி குத்தி வைத்தேன். சொன்ன நேரத்துக்கு அவர் வந்து நின்றார்.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகிக் கண்டிக்கு வந்தவர். நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, உயர்தரம் முடித்து, கட்டுகஸ்தோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். மணப்பெண் அலங்கார வகுப்பொன்றில் சந்தித்து, மூன்று வருடங்கள் இருவரும் சேர்ந்து அந்தத் தொழிலைச் செய்தோம். முகமும் தலையும் நகையும் அவருக்கு. சேலை எனக்கு. சிங்கள மணப்பெண்களுக்கு ஒசரி என்னும் கண்டிச் சேலையைக் கட்டி முடித்த பிறகுதான் அடுக்கு நகை மாலைகளைப் போட முடியும். நான் இருபது நிமிடத்தில் கட்டுவேன். அக்காவுக்கும் கட்டத் தெரியும், ஆனால் ஒரு மணித்தியாலம் எடுப்பார். "உம்மட கையைக் கண்டா ஊசிக்கும் பயம்" என்று கேலி செய்வார்.

கடுகண்ணாவையில் நடந்த கல்யாணத்தின்போது என் மகளுக்குப் பதினொரு மாதம். கணவர் கட்டாரில் இருந்தார். காலை ஆறு மணிக்கெல்லாம் பக்கத்து வீட்டு அம்மா வந்துவிட்டார். பிள்ளையைக் கொடுத்துவிட்டு நான் கிளம்பியிருக்க வேண்டும். பிள்ளையின் நெற்றி சுடுவதுபோல இருந்தது. தேர்மோமீட்டர் வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. கருவி பிழையோ என்று மறுபடி வைத்தேன். "புள்ள நல்லாத்தானே இருக்கு, போங்கம்மா" என்று அந்த அம்மா சொன்ன பிறகும் மூன்றாம் தரம் வைத்தேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து தூக்கிக்கொண்டேன். நல்ல தாய் என்றால் போகமாட்டாள் என்று ஒரு பக்கம் மனம் சொன்னது. நல்ல கூட்டாளி என்றால் இந்நேரம் போயிருப்பாள் என்று மறுபக்கம் சொன்னது. இரண்டுமாக இல்லாமல் நான் வாசலில் நின்றேன்.

ஆறே முக்காலுக்கு அக்கா அழைத்தார். "எங்க நிக்கிறீர்?"

"பேராதனைப் பாலத்துக்கிட்டக்கா. பஸ்ல வந்துக்கிட்டே இருக்கேன்."

பாதி வழிக்கு வந்துவிட்டதாகச் சொன்ன அது, யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாயிலிருந்து தானாக வந்தது. "வெளிக்கிடேல்லை" என்ற ஒரு சொல்லை நான் சொல்லியிருந்தால் அக்கா அந்த நிமிடமே தானே கட்டத் தொடங்கியிருப்பார், நேரமும் போதுமாக இருந்திருக்கும்.

மணப்பெண் எட்டு மணி கடந்து பதினேழாம் நிமிடத்தில் வீட்டைவிட்டு இறங்க வேண்டும் என்று சோதிடர் குறித்துக் கொடுத்திருந்தார். நான் எட்டு மணிக்குத்தான் உள்ளே நுழைந்தேன். தலை அலங்காரம் முடிந்து, மணப்பெண் இன்னும் வீட்டில் உடுத்தும் உடுப்போடு கதிரையில் அசையாமல் இருந்தாள். சேலை மடித்தபடியே கட்டிலில் கிடந்தது. அதை உதறிக் கட்டத் தொடங்கினேன். மாலைகளை அக்கா ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருக்கும்போதே வெளியே சுபநேரத்துக்கான ஹேவிசிக்காரர்களின் மேளம் ஒலித்து ஓய்ந்தது. பத்து நிமிடம் பிந்திப் பெண் இறங்கினாள். அவளுடைய தாய் ஒரு மூலையில் நின்று அழுதார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா சிங்களத்தில் சொன்னார், பிழை தன்னுடையது, நேரத்தை எனக்கு மாற்றிச் சொன்னது தான்தான் என்று. அந்தத் தாய் அவரைப் பார்த்துச் சொன்ன சொற்களை இங்கே எழுத மனம் வரவில்லை. அக்கா தலையைக் குனிந்து ஊசிப்பெட்டியை மூடினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில்தான் இருந்தோம். பிள்ளை சுகமா என்று மட்டும் கேட்டார். ஏசுவார் என்று கண்டிவரை காத்திருந்தேன்.

அதன்பிறகு அழைப்பு வரவில்லை. ஒரு மாதம் கழித்து நானே எடுத்து, "வேலை ஒண்ணும் இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. நான் தனியச் செய்யிறன்" என்றார். அதிலும் அவர் பொய் சொல்லவில்லை.

இரண்டு வருடமாக நானும் தனியாகத்தான் செய்கிறேன். சேலையின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் கதிரை முதுகில் உடுப்புக் கிளிப் போட்டு வைக்கிறேன். பெண்ணின் தாயோ சித்தியோ குறுக்கே வந்து ஏதாவது சொன்னால், கண்ணாடிக்குள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வோமே, அதற்கு இப்போது யாருமில்லை. பெண்ணின் பின்னால் நான் மட்டும் தெரிகிறேன். நான் தாய், பிள்ளைக்காகத்தானே பிந்தினேன் என்று எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பிந்தியதற்கு அது காரணமாகலாம். பேராதனைப் பாலத்துக்கு அது காரணமாகாது.

போன வாரம், மகளை முன்பள்ளியில் விட்டுவிட்டு, வாவிக்கரை வாங்குப் பலகையில் உட்கார்ந்து அவரை அழைத்தேன்.

"அக்கா, அன்னைக்கு பேராதனைன்னு சொன்னேனே. நான் வீட்டைவிட்டே கெளம்பல."

"தெரியும்" என்றார்.

"எப்பக்கா தெரியும்?"

"நீர் கதைக்கேக்க பிள்ளை அழுதது கேட்டது."

எனக்கு விளங்கவில்லை. "அப்பவே தெரிஞ்சா நீங்களே கட்டியிருக்கலாமே? ஏன் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தீங்க?"



"அப்ப தெரியேல்லை. பஸ்ஸில நிக்கிறன் எண்டு நீர் சொன்னனீர்தானே. பிள்ளையை விட்டிட்டு வர ஏலாமல் அவளையும் தூக்கிக்கொண்டு வாறீராக்கும் எண்டு நினைச்சன். கல்யாண வீட்டாக்களிட்ட ஒரு பாய் கேட்டு வாங்கி, பிள்ளையைக் கிடத்த அறை மூலையில விரிச்சு வைச்சனான். நீர் தனிய வந்து நிண்டாப் பிறகுதான் எனக்கு விளங்கினது."

பிறகு மகள் எந்த முன்பள்ளிக்குப் போகிறாள் என்று விசாரித்தார். சொன்னேன். சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த அறையை எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். கட்டிலில் கிடந்த சேலை, பெண்ணின் கதிரை, அவளுடைய தாய் நின்று அழுத மூலை, எல்லாம் அப்படியே கண்ணுக்குள் இருக்கின்றன. பாயைக் கண்டதாக மட்டும் நினைவில்லை.