சந்தனம் அப்பிய பிஸ்டல்

என்னிடம் லைசென்ஸோடு ஒரு மலிவு விலை பிஸ்டல் இருக்கிறது. ஆயுத பூஜையன்று என் பட்டுக்கடைக் கல்லாவோடு சேர்த்து அதற்கும் சந்தனம் அப்பினேன். மறுநாள் ரைஃபிள் கிளப்பில், கெத்துக்காக அதிக அழுத்தம் தரும் தோட்டாக்களைப் போட்டு மனைவியிடம் நீட்டினேன். "போணி உன் கையால ஆவட்டும்மா" என்று சொல்லிவிட்டு, வீடியோ எடுக்கப் பின்னால் போய் நின்றேன்.

சந்தனத்தைப் பார்த்த கிளப்பின் பயிற்சியாளர் அம்மா தடுத்து, பிஸ்டலை வாங்கித் தோட்டாக்களைக் கழற்றினார். குழலை என்னிடம் காட்டினார்.

"இந்தத் தோட்டாவையே இது தாங்காது சார். உள்ள சந்தனம் வேற அடைச்சிக்கினு இருக்குது. வெடிச்சிருந்தா கை போயிருக்கும்."

யார் கை?

மனைவி வீட்டுக்கு வந்ததும் அந்த வீடியோவை எனக்கே போட்டுக் காட்டினாள். அவள் பிஸ்டலை இரண்டு கையாலும் பிடிக்கிறாள். பின்னாலிருந்து நான் சிரிக்கிறேன்.