முற்றத்தில் எழுந்த குருசடி

எங்கள் குன்னத்துகால் வீட்டு முற்றத்தில் சினிமாக்காரர்கள் மாதா சொரூபம் வைக்கும் குகை போன்ற கெபி செட்டுக்காக பிளாஸ்டர் குழைக்கிறார்கள். அந்த ஈர வாசனையில் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

அன்றும் திருவனந்தபுரம் போகும் வழியிலுள்ள ஸ்டுடியோவிலிருந்து வந்தவர்கள் இதே முற்றத்தில் படத்துக்காக, வழியோரச் சிலுவைக் கோயில்போல ஒரு பொய்க் குருசடி கட்டினார்கள். நாங்களோ சிலுவைக்கு மெழுகுவர்த்தி கொளுத்தாத மிஷன் சபைக்காரர்கள். மறுநாள் காலையில் அதன்முன் மெழுகுவர்த்தி எரிந்தது. நாலுபேர் கும்பிடத் தொடங்கினால் அனுபவ பாத்தியம் பேசி நிலத்தையே கேட்பார்கள் என்று அப்பா கடப்பாரையோடு வந்தார்.

“எலே, எவன் கொளுத்தினது?”

“நானாக்கும். உங்க நெஞ்சுவலி மாறணும்னு நேந்தேன்,” என்றாள் அம்மா.

வேலிக்கு அப்பால் சபையார் யாருமில்லை என்று அப்பா பார்த்துக்கொண்டார். “எரிஞ்சு தீரட்டு. பெறவு இடிக்கலாம்.”

இந்தப் படப்பிடிப்பு முடிந்த அன்றே கெபியை இடிக்க வேண்டும் என்று நான் எழுதி வாங்கியிருக்கிறேன். ஆனாலும் என் மனைவிமேல் ஒரு கண் வைத்திருக்கிறேன்.