களவெட்டியில் படம் பார்த்த கதை

அமெரிக்காவில் காரோடு உள்ளே போய், காருக்குள் இருந்தபடியே படம் பார்ப்பார்களாம். பேப்பரில் இருந்ததை என் மகன் பெரிய அதிசயம்போல வாசித்துக் காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பதுகளிலேயே கல்முனைக்கு மேற்கே, நாவிதன்வெளிக்குப் போகிற வழியில் எங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தது. காருக்குப் பதில் மாட்டு வண்டில், அவ்வளவுதான் வித்தியாசம்.

இடம் ஒரு களவெட்டி. வெட்டிய கதிரைக் குவித்து, மாடுகளைச் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டு நெல்லைப் பிரிக்கிற வட்டமான வெட்டை. மற்ற மாதங்களில் சும்மா கிடக்கும். கடை முதலாளி ஒருவர் அதைக் குத்தகைக்கு எடுத்து, ஓரத்தில் இரண்டு தென்னங்குற்றிகளை நட்டு வெள்ளைத் துணியைக் கட்டி, நடுவில் மெஷினை வைத்துப் படம் காட்டினார். தலைக்கு டிக்கட் இல்லை, வண்டிலுக்குத்தான். ஒரே கூடார வண்டிலிலிருந்து பதினொரு பேர் இறங்கியதை நானே கண்டிருக்கிறேன். ஆண்கள் துணிக்கு முன்னால் பாயில் குந்துவார்கள். பெண்கள் வண்டிலுக்குள்ளேயே இருந்து, முன்பக்கம் தொங்கும் சீலையின் ஓரத்தை விலக்கிப் பார்ப்பார்கள். மாட்டை அவிழ்த்து வரம்போரம் கட்டிவிட்டு, வண்டிலின் முன்பக்கத்தைக் கட்டையால் முட்டுக்கொடுத்து நிமிர்த்திவிடுவது முறை. அறுவடைக் காலத்தில் பெண்கள் கால் வைக்கக்கூடாது என்று விரட்டுகிற அதே வெட்டைதான். படத்துக்கு மட்டும் யாரும் விரட்டவில்லை.

நான் மருதமுனை நெசவுக் குடும்பத்தவன். தறி நின்ற இடத்தில் நிற்கும். ஆகவே நடமாடுகிற எதையும் பிடித்து நிறுத்திப் பழக்கமில்லை. ஆனால் எனக்குப் பெண் பார்த்தது வயல்காரர் வீட்டில். கலியாணம் பேசப் போனவர், "பொடியன் மாடு, வண்டில் எல்லாம் நல்லா ஓட்டுவான்" என்று அடித்துவிட்டார். நான் மறுக்கவில்லை. பெண்ணின் போட்டோ நன்றாக இருந்தது. பிறகு எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவி வீட்டுக்கே போய்க் குடியிருந்தேன். அந்த வீட்டில் குட்டு உடைந்தால் ஓடி ஒளிய எனக்கென்று ஒரு மூலைகூடக் கிடையாது.

மாமி என்னோடு கதைப்பதில்லை. கோபம் ஒன்றுமில்லை, புதுமாப்பிள்ளையோடு மாமியார் நேரே கதைப்பது அப்போது வழக்கமில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை மனைவியிடம் சொல்வார். மனைவி இல்லாவிட்டால் கதவிடம் சொல்வார்.

இரண்டு மாதம் பயமின்றிப் போனது. ஒருநாள் மனைவிக்கும் மாமிக்கும் படம் பார்க்க ஆசை வந்தது. அன்றைக்குப் பார்த்து வண்டில்காரனுக்குக் காய்ச்சல். மாமா யோசிக்கவேயில்லை.

"மருமகன் இரிக்கக்குள்ள வண்டில்காரன் என்னத்துக்கு? நீங்க கூட்டித்துப் போங்க. ரோட்டுல ஆரும் கேட்டா படம் எண்டு கதைக்காதீங்க. காத்து வாங்கப் போறம் எண்டு சொல்லுங்க."

பொழுதுபட்டு மஃரிப் தொழுததும் மாமாவே மாடுகளைப் பூட்டித் தந்தார், புறப்பட்டோம். முன்னால் போன வண்டில்களைப் பார்த்து மாடுகள் தாமாகவே நடந்தன. நான் இடையிடையே "ஹை, ஹை" என்றது மாடுகளுக்காக அல்ல, கூடாரத்துக்குள் இருந்தவர்களுக்காக.

களவெட்டியில் கடைசி வரிசையில் போய் நிறுத்தினேன். சீலைக்குப் பின்னாலிருந்து மனைவி கேட்டாள்.

"மச்சான், மாட்ட அவுக்கல்லியா?"

"அவுத்தா மறுகாப் பூட்டோணும். இப்பிடியே நிண்டா, முடிஞ்சதும் கெதியாப் போகலாம் புள்ள."

அவிழ்க்க எனக்குத் தெரியும். பூட்டத்தான் தெரியாது.

படம் பாதிவரை ஒரு குறையுமில்லாமல் ஓடியது. அப்போது துணியில் ஓர் அறுவடை வந்தது. பட்டுச் சேலை கட்டிய பெண்கள், சேறு படாத காலோடு, கதிரை அறுக்காமல் அதைச் சுற்றி ஆடினார்கள். பாயில் இருந்த வயல்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சும்மா இருந்திருக்கலாம். மனைவியைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. முன் தட்டில் எழுந்து நின்று, களவெட்டியில் மாடு சாய்த்துச் சுற்றி நடத்துகிறவர்களைப்போல நீட்டி முழக்கினேன்.

"பொலி... பொலி தாயே பொலி..."

மனைவி சிரித்தாள். பக்கத்து வண்டில்களும் சிரித்தன. மாடுகள் சிரிக்கவில்லை, நடக்கத் தொடங்கின.

பிறகுதான் தெரிந்தது: என் கலியாணத்துக்குச் சற்று முன் இதே வெட்டையில், இதே சத்தத்துக்குத்தான் அவை மூன்று நாள் சுற்றி நடந்திருக்கின்றன. அவற்றைப் பொறுத்தவரை வேலை தொடங்கிவிட்டது. வண்டில் வரிசையை விட்டு விலகி, வட்டத்தின் ஓரமாக, மாடுகள் ஆறுதலாக நடந்தன. வெருண்டு ஓடியிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

கயிற்றை இழுத்தேன். எந்தக் கயிறு எந்த மாட்டுக்கு என்று தெரியவில்லை. "ஹோ" என்றேன். "நில்லு" என்றேன். "வேணாம், மெய்யாத்தான் சொல்றன்" என்றுகூடச் சொன்னேன். தெரிந்த ஓதல்களை எல்லாம் ஓதினேன், ஒன்றின் தலையும் மற்றதன் வாலுமாக. பாயில் இருந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். துணியில் கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள். அவள் முகத்துக்குக் குறுக்கே ஒரு கூடார வண்டிலின் நிழலும், கையை ஆட்டிக்கொண்டு ஒரு மனிதனின் நிழலும் மெதுவாகப் போயின.

"ஆர்ரா அது, படத்துக்குள்ள வண்டில் ஓட்டுறவன்?"

"மாப்பிள்ள ஊர்கோலம் போறாரு, உடுங்கடா."

வட்டத்தின் மறுபக்கத்தில் தேத்தண்ணிக்காரர் ஆற்றிக்கொண்டிருந்தார். "என்ன ஓய், ஒரு தேத்தண்ணி குடிச்சித்துப் போறீங்களா?" என்றார். நான் எங்கோ அவசரமாகப் போகிறவன்போலத் தலையாட்டினேன். இரண்டாம் சுற்றில் அவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"இன்னமும் ஒரு சுத்தா? இந்தமுற வெளச்சல் கூடத்தான் போல."

கூடாரத்துக்குள் மாமியின் குரல் கேட்டது. "புள்ள, கயிற இஞ்சால தரச்சொல்லு."

"மச்சான், உம்மா கயிறக் கேக்காங்க."

"வேணாம் புள்ள. மாட்டுக்குக் கால் மரத்திரிக்கும். கொஞ்சம் நடக்கட்டும்" என்றேன்.

மூன்றாம் சுற்றில் மறுபடியும் அந்த அழுகிற முகத்தை நெருங்கினோம். முதலாளி மெஷினை விட்டுவிட்டு எழுந்து நின்றார். அப்போது என் முதுகுக்குப் பின்னால், வெகு அருகில், மாமி கதைத்தார். மனைவியோடு அல்ல, கதவோடும் அல்ல.

"மனே, கயிற உடுங்க."

விட்டேன். சீலையை விலக்கி ஒரு வளையல் கை வந்து கயிற்றை வாங்கியது. நாக்கால் ஒரு சின்னச் சத்தம். வீட்டில் தவிட்டுத் தண்ணீர் வைக்கும்போது அவர் எழுப்புகிற சத்தம்தான். மாடுகள் நின்றன. அவற்றைக் கன்றிலிருந்து வளர்த்தவர் மாமி. மாமா மாடுகளுக்குச் சொந்தக்காரர் மட்டும்தான்.

"கைய முன்னால வெச்சித்துக் குந்துங்க, ஆக்கள் பாப்பாங்க" என்றார் மாமி. அப்படியே வீடுவரை வந்தோம். சீலையின் அடியால் வந்த கயிறு என் இடுப்போரமாக மாடுகளுக்குப் போனது. நான் இரண்டு கையாலும் காற்றைப் பிடித்துக்கொண்டு, வளைவுகளில் உடம்பையும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தேன். உள்ளே மனைவி சீலையைக் கடித்துக்கொண்டு சிரித்தது முதுகில் தெரிந்தது.

மாமா லாந்தரோடு வாசல் கடப்படியில் நின்றார். முதலில் மாடுகளைத்தான் தடவிப் பார்த்தார்.

"வேர்க்கக்கூட இல்லியே. நல்லா ஓட்டியிரிக்கீங்க மருமகன்."

நான் நிலத்தைப் பார்த்தேன். மாமி ஒரு சொல் சொன்னால் போதும், கலியாணம் பேசினவரின் பொய்யும் என் மௌனமும் அந்த லாந்தர் வெளிச்சத்துக்கு வந்துவிடும். மாமி இறங்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"ஓம், நல்லாத்தான் ஓட்டுறாரு" என்றார் மாமாவிடம். "அடுத்த கிழமையும் போகோணும்."

போனோம். வண்டில்காரனுக்குக் காய்ச்சல் விட்டும் அவனைக் கூப்பிடவில்லை. அந்த வருடமும் அடுத்த வருடமும், எப்பேர்ப்பட்ட மோசமான படமாக இருந்தாலும், மாமி ஓட்ட நான் முன்னால் குந்தியிருந்தேன். மாமா மௌத்தாகிக் கண்மூடும்வரை, நல்ல வண்டில் ஓட்டி என்ற பெயர் எனக்கு வீட்டில் இருந்தது.

பிறகு டவுனில் படம் காட்டத் தகரக் கூரையோடு ஹோல் கட்டினார்கள். பெண்களுக்குத் தனி வாசல், குந்தத் தனி வாங்கு. களவெட்டிக்கு வண்டில்கள் வருவது நின்றது. துணியைக் கழற்றிக்கொண்டு போனார்கள், குற்றிகளை யாரோ விறகாக்கினார்கள். ஊரெல்லாம் புது ஹோலைப் புகழ்ந்தது. மாமியையும் ஒருநாள் காரில் கூட்டிப் போனோம். இடைவேளையிலேயே வெளியே வந்துவிட்டார்.

"என்ன மாமி, படம் சரியில்லியா?"

"படம் நல்லந்தான் மனே," என்றார். "சும்மா குந்தியிருந்து பாக்க ஏலாம இரிக்கி."