குட்டிப் பேர் சுற்று

புவனேஸ்வரன் என்ற பெயரை வைத்துக்கொண்டு மலேசியாவில் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமல்ல. தொழிற்சாலை அடையாள அட்டையில் பாதிப் பெயர்தான் ஏறும். சீன நண்பர்கள் 'மிஸ்டர் பி' என்று சுருக்கமாக முடித்துக்கொள்வார்கள். இப்படி ஒரு ரயில்வண்டிப் பெயரை இழுத்துக்கொண்டு திரிந்த மனிதர், சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் புகழ் பெற்றது என்னவோ குட்டிப் பெயர்களால்தான்.

கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. சுங்கைப் பட்டாணியின் பாக்கார் ஆராங்கில் வரிசை வீடு. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் கையில் ஸ்பேனருக்குப் பதிலாக மைக். பிறந்தநாள் விருந்து, கல்யாண விருந்து, கம்பெனி விழா எதுவானாலும் கூப்பிட்டால் போய்விடுவார். வாய் என்றால் அப்படி ஒரு வாய். மூன்று மொழியையும் கலந்து கட்டி அடிப்பார். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள்.

அவருடைய நிகழ்ச்சியில் கடைசியாக வருவதுதான் குட்டிப் பேர் சுற்று. ஆங்கிலத்தில் எழுதினால் நாலு எழுத்தைத் தாண்டாத பெயர் கொண்ட பாட்டுக் குழுக்கள், பாடகர்களைப் பற்றி மட்டுமே கேள்வி வரும். 'அபா' என்ற பெயர் எப்படி வந்தது? நாலு பேருடைய முதல் எழுத்துகள். 'ஷாடே' எந்த நாட்டில் பிறந்தார்? நைஜீரியா. நம் மலேசிய 'கே.ஆர்.யூ'வில் இருந்த மூவரும் ஒருவருக்கொருவர் என்ன உறவு? அண்ணன் தம்பிகள். சின்னப் பெயர்கள் என்பதால் எந்த மொழிக்காரனும் வாய் குளறாமல் கத்தலாம். விழா களை கட்டிவிடும். அதைவிட ஜனங்கள் வியந்தது இன்னொன்றை. மற்றவர்கள் கேள்வித்தாளும் விடைத்தாளுமாக மேடையேறுவார்கள். இவர் கையில் துண்டுக் காகிதம்கூட இருக்காது. "மிஸ்டர் பியின் தலைக்குள்ளே ஒரு ரேடியோ நிலையமே இருக்கிறது" என்பார்கள்.

ரேடியோ நிலையம் இருந்தது உண்மைதான். ஆனால் அது அவர் தலையில் இல்லை, அவர் மனைவி குணவதியின் தலையில் இருந்தது.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு குணவதி சுங்கைப் பட்டாணியில் ஒரு கேசட் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள். அவள் பொறுப்பு ஆங்கிலப் பாட்டு அலமாரி. நீளப் பெயர்களைக் கேசட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் நசுக்கி அச்சடித்திருப்பார்கள். குட்டிப் பெயர்களோ கொட்டை எழுத்தில் கல்லாவிலிருந்தே தெரியும். நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடமானது அந்தப் பெயர்கள்தான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கேசட் உள்ளே மடித்து வைத்த தாளையும் ஒரு வரி விடாமல் படிப்பாள். பீடோங் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த இளைஞர் புவனேஸ்வரன், கேசட் போடும் பெட்டியே வீட்டில் இல்லாமல் வாரம் ஒரு கேசட் வாங்கினார் என்றால் காரணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒருநாள் பெரிய மனுஷத் தோரணையில் 'ஆ-ஹா' என்ற குழுவின் கேசட்டை எடுத்து, "இவங்க இங்கிலாந்துதானே?" என்றார். அவள் கல்லாவுக்குப் பின்னாலிருந்து, "நார்வே, அண்ணே" என்றாள். அந்த 'அண்ணே' அவரை ஒரு மாதம் தூங்கவிடவில்லை. அதனால் மற்ற எதை மறந்தாலும் நார்வேயை அவர் மறக்க வழியில்லை.

பிறகு அவர் மைக் பிடித்தார், அவள் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கேள்விகளை இருவரும் சமையலறையில் தயார் செய்வார்கள். மேடையில் அவருக்கு விடை மறந்துபோகும், எப்போதும் மறந்துபோகும். யாராவது பதில் சொன்னதும் அவர் கண் அவள் பக்கம் ஓடும். பதில் சரியென்றால் குணவதி கிளாஸை எடுத்து ஒரு வாய் குடிப்பாள். தப்பென்றால் உள்ளங்கையால் கிளாஸை மூடுவாள். இத்தனை வருஷமாக ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. அவளும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

இந்த வருஷம்தான் அவருக்குப் பயம் பிடித்தது.

முதலில் ரசத்தில் இரண்டு தடவை உப்பு. அதற்கென்ன, யார் வீட்டில் நடக்காதது என்று தண்ணீர் குடித்துச் சமாளித்தார். பிறகு ஜொகூரில் இருக்கும் மகள் ரூபினி தனியாக அவருக்குப் போன் செய்து, "அப்பா, அம்மா ஒரே விஷயத்த ஒரு மணி நேரத்துல ரெண்டு வாட்டி போன் பண்ணிச் சொல்றாங்க, பாத்துக்குங்க" என்றாள். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வீடெல்லாம் கருகிய நாற்றம். அவருடைய சீருடைச் சட்டையின் மேல் இஸ்திரிப் பெட்டி புகைந்துகொண்டிருந்தது. குணவதி வாசலில் நின்று பக்கத்து வீட்டுப் பூனையைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

"குணா, ஒரு வாட்டி டாக்டர பாத்துட்டு வந்துருவோமா?"

"எதுக்கு? எனக்கென்ன மூளை கழண்டுபோச்சா?"

"அப்படிச் சொல்லல லா."

"வேற எப்படிச் சொல்றீங்க?"

இரண்டு நாள் சாப்பாடு மட்டும் மேசைக்கு வந்தது, அவள் வரவில்லை. மறுபடி அந்தப் பேச்சை எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மைக்கைக் கண்டால் வானத்தையே வளைக்கும் மனிதர், மனைவி முன்னால் ஒரு வார்த்தைக்குத் தடுமாறினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தொழிற்சாலை மனிதவளப் பிரிவு அழகேசன் போன் செய்தான். "அண்ணே, ஃபேமிலி டேக்கு மைக் பிடிக்க நீங்கதான். குட்டிப் பேர் ரவுண்ட் கண்டிப்பா வேணும் லா. பெரிய பாஸே கேட்டாரு."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தவர், சரி என்றார். அந்தக் கணத்தில் அவர் மனசுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். அன்றைக்கு எல்லாக் கேள்விக்கும் அவள் சரியாகச் சைகை காட்டிவிட்டால் டாக்டரும் வேண்டாம், கவலையும் வேண்டாம். வெறும் வயசுக் கோளாறு என்று விட்டுவிடலாம். கோழைத்தனமான ஒப்பந்தம்தான். பயந்தவனுக்கு இந்த மாதிரிக் கணக்குகள்தான் வரும்.

சமையலறையில் கேள்விகளைத் தயார் செய்தபோது குணவதி பழைய குணவதியாகவே இருந்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டே மளமளவென்று சொன்னாள். அவருக்கு உயிர் வந்தது. மறுநாள் காலையில், "ஏங்க, இந்த வருஷம் உங்க கம்பெனியில ஃபேமிலி டே வைக்கலியா?" என்று கேட்டாள். வந்த உயிர் அப்படியே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலை மண்டபம் நிறைந்து வழிந்தது. பிரியாணி வாசம், பலூன், குழந்தைகள் அலறல். குணவதி முதல் வரிசை மேசையில் பச்சைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள், முன்னால் ரோஸ் சிராப் கிளாஸ். பார்க்க எத்தனை அழகாக இருக்கிறாள் என்று நினைத்தார். அன்று அவர் அடித்த நகைச்சுவைகள் வழக்கத்தைவிட வேகமாக வந்தன.

குட்டிப் பேர் சுற்று தொடங்கியது.

"'யூ டூ' எந்த நாட்டுக் குழு?"

"அயர்லாந்து!" என்றது கிடங்குப் பிரிவு. குணவதி ஒரு வாய் குடித்தாள். "பெத்துல்! சரி!" என்று கத்தினார் புவனேஸ்வரன். மண்டபம் கைதட்டியது.

"'யூபி ஃபார்ட்டி' எதனுடைய பெயர்?"

"ஏதோ விமானம்" என்றான் ஒருவன். குணவதியின் கை கிளாஸை மூடியது. "சாலா! தப்பு! வேலை இல்லாதவங்க உதவிப்பணம் கேட்டு நிரப்புற படிவம். நம்ம கம்பெனியில ஓவர்டைம் இல்லாத மாசம் நமக்கும் அதுதான்!" மண்டபம் வெடித்துச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, அடுத்த கேள்விக்கு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'அபா' சரியாகப் போனது. 'ஷாடே' சரியாகப் போனது. ஒவ்வொன்றுக்கும் கிளாஸ் உயர, அவர் நெஞ்சிலிருந்து ஒவ்வொரு கல்லாக இறங்கியது. ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை, வீணாகப் பயந்து செத்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கடைசிக் கேள்விக்கு இரண்டு அணிகள் சம நிலையில் இருந்தன.

"'ஆ-ஹா' எந்த நாட்டுக் குழு?"

பேக்கிங் பிரிவுப் பெண் மேனகா துள்ளி எழுந்தாள். "நார்வே!"

புவனேஸ்வரன் சிரித்தபடியே திரும்பினார். குணவதியின் உள்ளங்கை கிளாஸை மூடியிருந்தது.

ஒரு கணம் தான்தான் தப்பாகப் பார்க்கிறோம் என்று நினைத்தார். கண்ணைக் கசக்கிப் பார்த்தார். கை அங்கேயேதான் இருந்தது. அவள் அவரையே பார்த்தாள், சந்தேகம் துளியும் இல்லாமல். எந்த விடையைச் சொல்லி அவரை மயக்கினாளோ, அந்த விடையே அவளை விட்டுப் போய்விட்டது. மண்டபம் காத்திருந்தது. 'சரி' என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவள் அந்தக் கூட்டத்தின் நடுவில், தன்னந்தனியாக, தனக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வாள். பக்கத்தில் கை பிடிக்கக்கூட ஆளில்லாமல்.

"சாலா!" என்றார் புவனேஸ்வரன். "தப்பு!"

மண்டபம் கொந்தளித்தது. பேக்கிங் பிரிவு மேசையைத் தட்டியது. ஆளுக்கொரு கைப்பேசியை எடுத்தார்கள். அழகேசன் மேடைக்கு ஓடி வந்து திரையைக் காட்டி, "அண்ணே, நார்வேதாண்ணே" என்று காதில் கிசுகிசுத்தான். அவர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். "மன்னிக்கணும். பதில் சரி. பேக்கிங் பிரிவு ஜெயிச்சது. மிஸ்டர் பிக்கு வயசாயிடுச்சு, மூளை துரு பிடிச்சிடுச்சு!" எல்லோரும் சிரித்தார்கள். யாரோ பின்வரிசையில், "ரேடியோ ரோசா!" என்று கத்தினான். ரேடியோ பழுதாம். அதற்கும் பெரிய சிரிப்பு. இத்தனை வருஷப் பேர் ஒரு நிமிஷத்தில் போனது. அவருக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. அவர் குணவதியைப் பார்த்தார். அவள் குனிந்து கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் குணவதி, கார் சுங்கைப் பட்டாணி எல்லைக்குள் நுழையும்போது கேட்டாள்.

"நார்வேயை எப்படிங்க மறந்தீங்க? நான் கிளாஸ எடுத்தேனே, பாக்கலியா?"

பொய் சொல்கிறாளா, அப்படியே நம்புகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. நீதான் மூடினாய் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டார்.

"பாக்கல குணா. எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. பயமா இருக்கு."

பயமாக இருக்கிறது என்பதில் பொய்யே இல்லை.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப கிளினிக் போவோம். நாளைக்கே லீவு போடுங்க."

"நீ கூட வருவியா?"

"பின்ன, உங்களத் தனியா விட்டுடுவேனா?"

மறுநாள் காலையில் இருவரும் அரசாங்கக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார்கள். இளம் தமிழ்ப் பெண் டாக்டர் ஒருத்தி. "யாருக்குப் பாக்கணும்?" என்றாள்.

"இவருக்குத்தான்" என்று குணவதி முந்திக்கொண்டாள். அவர் தலையை ஆட்டினார். எப்படியாவது இவளையும் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுது, சொல்லுங்க."

அதற்கும் குணவதிதான் பதில் சொன்னாள். "மறந்து மறந்து போவுது டாக்டர். போன மாசம் பீடோங்குல அக்கா வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வரப்ப, எந்த பஸ்ல ஏறணும்னே தெரியல. பஸ் எல்லாம் வந்து வந்து போவுது, அப்படியே நிக்கிறாரு. யாரையாவது கேக்கலாம்னா வீடு இருக்கிற இடத்தோட பேரு வாயில வரல. அழுதுட்டாரு டாக்டர்."

புவனேஸ்வரன் அவளைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கதையை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"அப்புறம் ராத்திரியில எழுந்து ஹால்ல உக்காந்துக்குவாரு. மக பேரு, அக்கா பேரு, வீட்டு நம்பர் எல்லாத்தையும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பாப்பாரு. காலையிலயும் இருக்குமான்னு பயம். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா வீட்டுல பயந்துடுவாங்கன்னு."

டாக்டர் அவரைப் பார்த்தாள். அவருடைய சட்டைப் பையில் கார் சாவி துருத்திக்கொண்டிருந்தது. "பஸ்லயா போனீங்க, அங்கிள்?"

"ஆமா டாக்டர்" என்றார் புவனேஸ்வரன். குரல் அவருடையதாகவே இல்லை. "பஸ்லதான் போனேன்."

குணவதி அவர் முகத்தைப் பார்த்தாள். புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"இவரு பஸ் ஏறி இருவது வருஷமாச்சு டாக்டர்" என்றாள். "நான்தான் நின்னேன்."