இராஜரட்ணத்தார் நடக்க வந்த சனிக்கிழமை

இளவாலையில் பிறந்து ரொறன்ரோவில் வீடு வாங்கிய யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இராஜரட்ணத்தாரைப் போல வீம்பு பிடித்த மனிதரைக் கண்டதில்லை என்பார்கள். ஊர்ச் சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடலில் ஒருமுறை கயிறிழுத்தல் நடந்தது. மத்தியஸ்தம் பார்த்தவர் பஸ்ரியன். இராஜரட்ணத்தாரின் பக்கம் தோற்றது என்று அவர் விசில் ஊதியதும் மைதானம் அதிர்ந்தது.

"கோட்டைத் தாண்டினது அவங்கட கால்! உனக்கென்ன கண் பொட்டையே?"

பஸ்ரியன் தீர்ப்பை மாற்றவில்லை. வென்ற பக்கத்தில் அவருடைய மச்சான் நின்றான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "உவனோட இனி ஒரு அடி சேர்ந்து நடந்தால் நான் மனிசன் இல்லை!" என்று, கையில் கொத்துரொட்டித் தட்டோடு சபதம் செய்தார் இராஜரட்ணத்தார். அதைச் சாகும்வரை காப்பாற்றினார். கலியாண வீட்டில் பஸ்ரியன் முன் வாசலால் வந்தால் இவர் சமையலறைப் பக்கத்தால் போய்விடுவார்.

இடையில் அகப்பட்டவள் அவர் மனைவி தவமணி. அகதியாக வந்து சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் குடியேறிய காலம் தொட்டு அவள் நடந்த நடையெல்லாம் சப்வேக்கும் கேக் ஃபாக்டரிக்கும்தான். பிறகு மகன் மிதுனன் மில்லிக்கனில் வீடு வாங்க, அதன் அடியிலிருந்த பேஸ்மென்றுக்கு இறங்கினாள். கணவர் கண்மூடிய பிறகு அங்கே அவளும் தொலைக்காட்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரத்தத்தில் சீனி ஏறியது, பேச்சு குறைந்தது.

அப்போது கதவைத் தட்டியவள் கிளடிஸ், பஸ்ரியனின் மனைவி. "தவமணியக்கா, சனிக்கிழமை எங்களோட நடக்க வாங்கோ. உப்பிடியே இருந்தால் கதிரையோட ஒட்டிப்போவியள்."

அந்த நடைக் கூட்டத்துக்குப் பெயரும் இல்லை, தலைவரும் இல்லை. ஊர்ச் சனம் சனிக்கிழமை காலையில் பிளாசா வாசலில் கூடும், கார்களில் அடைந்து பிக்கரிங் தாண்டிப் போகும், சோளக் காட்டோரமும் பற்றைக் காட்டு வழியும் வாய் ஓயாமல் நடக்கும், கடைசியில் சாப்பிடும். முன்னால் போகிறவர் பஸ்ரியன். தவமணி முதல் கிழமை மருமகளின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு களவாகத்தான் போனாள். ஒரு மாதம் போவதற்குள் அவளுக்குக் கிழமையில் சனி என்று ஒரு நாள் மட்டும்தான் இருந்தது.

ஆனால் போன வருடம் கணவரின் திவசத்துக்கு வேலியில் வைத்த படையலைக் காகம் தொடவில்லை. அணில் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போனது. ஏன் வரவில்லை என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

இந்த வருடம் திவசம் சனிக்கிழமையில் விழுந்தது. விடியவே சமைத்து, சாப்பாட்டுப் பெட்டியோடு காரில் ஏறினாள்.

"காட்டிலை காகம் கிடக்கும். அங்கை வைக்கப்போறன், கிளடிஸ். இந்த முறையும் அவர் எடுக்காட்டில், உங்களோட நடக்கிறதாலை கோவம் எண்டுதானே அருத்தம்? பேந்து நான் வரமாட்டன்."

முன் இருக்கையில் பஸ்ரியன் தன் சிவப்புத் தொப்பியை அழுத்திவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

காட்டு வழி ஒரு வெளியில் முடியும் இடத்தில் மர மேசை ஒன்று உண்டு. பக்கத்தில், விலங்குகளுக்கு உணவு போடாதே என்று பலகை. கிளடிஸ் அதன்மேல் தன் ஜக்கெற்றைக் கொழுவினாள்.

"என்னடியப்பா செய்யிறாய்?" என்று கேட்டார் பஸ்ரியன்.

"எனக்கு வேர்க்குது. நீங்கள் உங்கட பாட்டைப் பாருங்கோ."

தவமணி புல்லில் இலையை விரித்தாள். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, திவசத்துக்கென்றே வைக்கும் பாவற்காய்க் கறி. கைகூப்பி, "கா... கா..." என்று கூப்பிட்டாள். உச்சிக் கிளையில் இரண்டு காகங்கள் இருந்தன. கேட்டன. தலையைச் சரித்தன. எழும்பிப் பறந்து போயே விட்டன.

கூப்பிய கையைத் தவமணி இறக்கினாள். இனிச் சனிக்கிழமை இல்லை. பேஸ்மென்றும் தொலைக்காட்சியும்தான்.

அந்த நேரம் பற்றைக்குள் சரசரப்பு. வெளியே வந்தது ஒரு வான்கோழி. சும்மா கோழி என்று நினைத்துவிடாதீர்கள், அதன் தலை மேசைக்குமேல் தெரிந்தது. நேரே இலைக்கு வந்தது. சோற்றைத் தின்றது, வடையை விழுங்கியது. பாவற்காயைக் கொத்தி எடுத்து, ஒரு உதறு உதறி, தூர வீசியது.

இராஜரட்ணத்தார் பாவற்காயைத் தட்டின் கரையில் ஒதுக்குவதை அறியாதவர் அங்கே யார்?

"இஞ்சாருங்கோ..." என்றாள் தவமணி. கட்டிய நாள் தொட்டு அவரைத் தவிர வேறு யாரையும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

வான்கோழி தலையை நிமிர்த்தியது. பஸ்ரியனைக் கண்டது. வாலை விரித்தது, கழுத்துச் சிவந்தது, பாய்ந்தது!

பஸ்ரியன் ஓடினார் பாருங்கள், இளவாலை மைதானத்திலும் அப்படி ஓடியிருக்கமாட்டார். மேசையைச் சுற்றி ஓடி, கடைசியில் அதன்மேலேயே ஏறி நின்றார்.

"சிவப்புத் தொப்பியைக் கழட்டுங்கோ! அதுதான் அதுக்குப் பிடிக்கேல்லை!" என்று கத்தினாள் கிளடிஸ்.

அவர் காதில் அது எங்கே ஏறியது? "அண்ணை! இராசரட்ணமண்ணை! விட்டிடுங்கோ! கோட்டைத் தாண்டினது என்ரை மச்சான்ரை கால்தான்! நான் கண்டனான்! அந்தோனியாராணை கண்டனான்!"

தொப்பி கழன்று விழுந்தது. வான்கோழி அதை ஒருமுறை கொத்தியது. வாலைச் சுருக்கியது.

தவமணி மேசையை அண்ணாந்து பார்த்தாள். "கண்டனியளோ? கண்டுகொண்டே, பஸ்ரியண்ணை, அந்த மனிசனை இவ்வளவு காலமும் விசரன் எண்டு சொல்லவிட்டனீங்கள்?"

பஸ்ரியன் இறங்கினார். "பிழைதான், தங்கச்சி. மச்சானுக்காக வாயை மூடினன். பேந்து திறக்க வெக்கமாப் போச்சு. வாற ஒன்றுகூடலிலை மைக்கிலை சொல்லுறன்."

எல்லாரும் சாமானை அள்ளிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள். முதல் வளைவில் பின்னால் வந்தவர்கள் கூச்சலிட்டார்கள். பஸ்ரியனின் பக்கத்தில், ஒரு முழ இடைவெளி விட்டு, வான்கோழி நடந்து வந்தது. அவர் நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது. அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நேரே பார்த்தபடி நடந்தார்.

"பாத்தியளே அக்கா, சேர்ந்து நடந்தால் மனிசன் இல்லை எண்ட சபதத்தையும் அவர் முறிக்கேல்லை" என்று கிளடிஸ் காதுக்குள் சொன்னாள். தவமணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கார் தரிப்பிடம் வரை வந்த வான்கோழி அவ்விடத்தில் நின்று, தவமணியை ஒருமுறை பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போனது.

"அடுத்த சனி எத்தினை மணிக்கு, பஸ்ரியண்ணை?" என்று கேட்டாள் தவமணி, வெறும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. "அவருக்கும் கொஞ்சம் வடை கொண்டு வரவேணும். பாவக்காய் வைக்கமாட்டன்."